யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றைப் பழுதாகாமல் வைத்திருப்பது எப்படி

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் முதலில் குழந்தையைப் பார்ப்பேன். பிறகு தாயை. மூன்றாவதாகக் கிணற்றடிக்குப் போவேன். முப்பத்தொரு வருடம் வலிகாமத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவள் நான். முதலில் சைக்கிளில், கடைசிப் பத்து வருடம் ஸ்கூட்டியில். "மிட்வைவ் அக்கா, பிள்ளையை நிறுக்க வந்தனீங்களோ, கிணறு பார்க்க வந்தனீங்களோ?" என்று கேட்டுச் சிரிக்காத வீடு குறைவு.

அப்படி ஊரெல்லாம் கிணறு பார்த்தவளின் சொந்தக் கிணறு எப்படி இருந்தது? எங்கள் வீடு உரும்பிராயில். பின்வளவில் நாலு பரப்புத் தோட்டம் (ஒரு பரப்பு ஏறக்குறைய 2,700 சதுர அடி), என் கணவர் அதில் வெங்காயமும் மிளகாயும் செய்வார். 2012 இல் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோது எங்கள் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தேன். நைத்திரேற்று லீற்றருக்கு 71 மில்லிகிராம் என்று வந்தது. உரத்தில் இருந்தும் மலக்குழியில் இருந்தும் நிலத்தடித் தண்ணீருக்கு இறங்குகிற பொருள் அது, கூடினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. குடிதண்ணீரில் இருக்கக்கூடிய எல்லை 50. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, இளநீர் மாதிரி இனித்தது. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததையும், செய்யப்போய்ப் பிழைத்ததையும் இங்கே எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கும், வெளிநாட்டில் இருந்தபடி ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கும்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் நாங்கள் எடுப்பதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்து, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைதான். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மணலில் என்றால் தண்ணீர் வடிகட்டப்பட்டு மெதுவாக இறங்கும். இங்கே வாய்க்காலில் ஓடுகிற மாதிரி ஓடிவிடும், நல்லதும் கெட்டதும் ஒரே வேகத்தில்.

இன்னொன்று. எங்கள் நல்ல தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கடல் தண்ணீர் பாரம் கூடியது. நல்ல தண்ணீர் அதன்மேல் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த ஒரு வில்லையாக நிற்கிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்கு மறுபக்கம் தெரியும்: கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும், நிலத்துக்குள் இருந்து கடலுக்குப் போகிற வழியில்.

நீரியல் படித்தவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அப்படியே திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மட்டத்தை ஒரு அடி நிரந்தரமாகக் குறைத்தால், காலப்போக்கில் உப்பு 40 அடி மேலே வரும். ஆகவே தண்ணீர் காணாவிட்டால் இன்னும் ஆழமாகத் தோண்டு என்கிற யோசனை வேறு ஊருக்குச் சரி, இங்கே சரிவராது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் 120 அடிக்குக் குழாய்க் கிணறு அடித்தார். தையில் அடித்தது, சித்திரை வரை தேன் மாதிரி இருந்தது. ஆடியில் தேத்தண்ணீர் திரைந்தது. செலவழித்துக் கடலைத் தோண்டி எடுத்த கதை.

மலக்குழி: அளக்க வேண்டியது மார்கழியில்

முதல் வேலை இதுதான், காசு கூடச் செலவாவதும் இதில்தான்.

நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் மலசலகூடத்துக்கு அடி திறந்த குழி. பத்தடி ஆழம், சுற்றிக் கல், மேலே கொங்கிறீற்று மூடி. "இருபது வருடமாக நிரம்பவே இல்லை அக்கா, நல்ல குழி" என்று பெருமையாகச் சொல்வார்கள். நிரம்பாத குழிதான் பயம். அதில் விழுந்ததெல்லாம் எங்கே போனது?

கோடையில் கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் இருபதடிக்குக் கீழே நிற்கும்; குழி பத்தடி; இடையில் பத்தடி இருக்கிறதே என்று தோன்றும். மார்கழியில் பாருங்கள். எங்கள் கிணற்றில் நல்ல மாரிக்குத் தண்ணீர் தரையிலிருந்து ஆறடிக்கு வந்துவிடும். அப்போது பத்தடிக் குழியின் கீழ் நாலடி தண்ணீருக்குள் நிற்கிறது. அது நேரே கரைகிறது. குழி எவ்வளவு ஆழம் இருக்கலாம் என்று முடிவெடுக்க மார்கழி மட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். அந்த மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் இடையில் குறைந்தது ஐந்தடி மண் இருக்க வேண்டும்.

தூரம் என்று வந்தால் மேசன்மார் 50 அடி என்பார்கள். நிவாரண முகாம்களுக்கு உலக அளவில் வைத்திருக்கிற அளவு 30 மீற்றர், அதாவது 100 அடி. வெடிப்புக் கல்லில் அதுவும் போதாமல் போகலாம். ஆனால் எங்கள் காணிகளைப் பாருங்கள். சீதனத்துக்குப் பிரித்துப் பிரித்து இரண்டு பரப்புக்கு வந்துவிட்டது. இரண்டு பரப்பு சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 74 அடி, மூலைக்கு மூலை 104 அடி. கிணறு ஒரு மூலையில், குழி எதிர் மூலையில் என்று வைத்தால் கணக்குச் சரிவரும். அந்த மூலைக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு இருக்கும். அதை ஒருவரும் அளப்பதில்லை.

ஆகவே புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது:

அடியும் பக்கமும் சீமெந்தால் பூசி அடைத்த, இரண்டு அறையுள்ள தாங்கி கட்டுங்கள். அதிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஆழக் குழிக்கு விடாமல், இரண்டடி ஆழத்தில் நீளமாக ஒரு சல்லிக் கானுக்கு விடுங்கள். மேல்மண்ணில்தான் கிருமியைத் தின்னும் உயிர்கள் இருக்கின்றன. கானுக்குப் பக்கத்தில் வாழை வைக்கலாம். நிலம் தாழ்வு என்றால் மலசலகூடத்தையே இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். கட்டி முடிந்ததும் தாங்கியில் தண்ணீர் நிரப்பி, கரியால் கோடு போட்டு, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் மேசனுக்கு மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டுத் தாங்கி முதல் தடவை ஒரு இரவில் அரையடி இறங்கியது. இரண்டாம் முறை பூசிய பிறகுதான் நின்றது.

மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை பௌசரை, அதாவது தாங்கி வண்டியை, கூப்பிட்டுக் கழிவை எடுப்பிக்க வேண்டும். பிரதேச சபையில் பணம் கட்டி முறைக்கு எழுதலாம். மாரிக்கு முன்பு எடுப்பியுங்கள். மழை தொடங்கிவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள்.

காணி சின்னது என்றால் இன்னொரு வழி எங்கள் பாட்டன்மாரே வைத்திருந்தார்கள்: பங்குக் கிணறு. நாலு வீட்டுக்கு ஒரு கிணறு, அதைச் சுற்றிக் குழி இல்லாத வளவு. இப்போது வளவுக்கு ஒரு கிணறு வேண்டும் என்பது மதிப்பாகிவிட்டது. காணி உறுதியில் பங்கு எழுதியிருந்தும் போகாமல் விட்ட கிணறுகள் எத்தனையோ உண்டு.

யூரியா மூட்டையின் கணக்கு

எங்கள் 71 க்குக் குழி பாதிக் காரணம். மற்றப் பாதி தோட்டம். இதை அவரோடு கதைப்பது குழியை மாற்றுவதை விடச் சிரமமாக இருந்தது. கடைசியில் ஒரு பழைய கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஒரு மூட்டை யூரியா 50 கிலோ. அதில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. மண்ணில் அது முழுதும் நைத்திரேற்றாக மாறினால் ஏறக்குறைய 100 கிலோ. அதில் கால்வாசி மட்டும் பயிருக்கு எட்டாமல் கீழே இறங்கினாலும் 25 கிலோ. சுத்தமான தண்ணீர் 5 இலட்சம் லீற்றரை எல்லை வரைக்கும் கொண்டுபோக அது போதும். எங்கள் கிணறு 12 அடி குறுக்கு. பத்தடித் தண்ணீர் நின்றால் 32,000 லீற்றர் வரும். ஆக ஒரே மூட்டையின் கால்வாசி, பதினைந்து கிணற்றுத் தண்ணீர். அவர் கொப்பியை வாங்கி இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த போகம் ஒரு மூட்டை குறைவாக வாங்கினார்.

குறைப்பதற்கு வழி இது. ஒரேயடியாகப் போடாமல் மூன்று தரமாகப் பிரித்துப் போடுவது. வெங்காயத்தின் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். ஒரு சாணுக்குக் கீழே போனது அதற்குக் கிடைக்காது, கிணற்றுக்குத்தான் கிடைக்கும். வானம் கறுத்திருக்கிற நாளில் யூரியா எறியவே கூடாது. "மழை இழுத்துக்கொண்டு போய் வேருக்குக் கொடுக்கும்" என்பது பழைய நம்பிக்கை. இழுத்துக்கொண்டு போவது உண்மை, வேரைத் தாண்டி. உரம் போட்ட அன்று வெள்ளமாய்ப் பாய்ச்சுவதும் அதே பிழை.

போகத்துக்கு இடையில் சணல் விதைத்து உழுதுவிடுங்கள். பூவரசு, கிளிசரியா, வாதநாராயணி என்று குழை தாழ்ப்பதும், பனையோலை புதைப்பதும் எங்கள் ஆட்கள் மறந்துபோன விஷயங்கள் அல்ல, கூலி கட்டாது என்று விட்டவை. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது எல்லோரும் மறுபடி குழைக்கு ஓடினார்கள். ஒரே இரவில் நிறுத்தியது பெரிய அநியாயம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் முந்திப் போட்டதில் எவ்வளவு வீணாய்ப் போனது என்பதை அந்த வருடம் பல தோட்டக்காரருக்குக் காட்டியது. எரு போட்டால் பயமில்லை என்றும் எண்ண வேண்டாம். கிணற்றுக்குப் பக்கத்தில் மாட்டெருக் கும்பி வைத்தால் அதிலிருந்தும் அதே நைத்திரேற்றுத்தான் இறங்கும். கும்பியைக் கிணற்றுக்குத் தூரத்தில், மழை படாமல் ஓலை போட்டு மூடி வையுங்கள்.

கிணற்றடியில் செய்யக் கூடாதவை

பூச்சிமருந்து கலப்பது. இதில் ஒரு விபத்து எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் தம்பி தெளிகருவித் தாங்கிக்குள் குழாயின் நுனியை அமிழ்த்திவிட்டு மோட்டரைப் போட்டான். நிரம்பும் முன் மின்சாரம் நின்றது. குழாயில் இருந்த தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பி ஓட, தாங்கியில் இருந்த கிருமிநாசினியையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. கிணற்றில் விட்டிருந்த மீன்கள் பின்னேரத்துக்குள் வயிறு தெரிய மிதந்தன. மூன்று நாள் இறைத்தோம். இரண்டு மாதம் பக்கத்து வீட்டில் தண்ணீர் அள்ளினோம். குழாய் நுனி எப்போதும் தாங்கியின் வாய்க்கு ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். இன்னும் நல்லது, வாளியில் தண்ணீர் கொண்டுபோய்த் தோட்டத்து மூலையில் கலப்பது. வெற்றுப் போத்தலைக் கழுவிய தண்ணீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றித் தெளித்துவிடுங்கள்.

மோட்டர் திருத்துவது, பழைய எண்ணெய் ஊற்றுவது. சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்து, சனம் பௌசர் தண்ணீருக்கு நின்றதை நாடே பார்த்தது. அந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பெரிய இடத்துப் பிழையைப் பேசுகிறோம். சந்திக்குச் சந்தி இருக்கிற கராஜ்களில் நிலத்தில் ஊற்றுகிற எண்ணெயும் அதே கல்லுக்குள்தான் இறங்குகிறது.

சுற்றுக்கட்டில் வெடிப்பு இருந்தால் உடனே பூசுங்கள். தரை மூன்றடி அகலத்துக்காவது சீமெந்தில் வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும். கழுவுகிற தண்ணீர் கானில் ஓடி முப்பதடி தள்ளி வாழைக்கோ தென்னைக்கோ போகட்டும். மாடு கட்ட வேண்டாம்.

பாவிக்காத கிணற்றைக் குப்பைத்தொட்டி ஆக்காதீர்கள். இடம்பெயர்ந்து இருபது இருபத்தைந்து வருடம் கழித்து வலிகாமம் வடக்குக்குத் திரும்பினவர்கள், பற்றைக்குள் கிடந்த கிணறுகளில் என்னென்ன எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கைவிட்ட கிணறு, நிலத்தடித் தண்ணீருக்கு நேரே திறந்த கதவு. கலக்கி இறைத்து வலை போட்டு மூடுங்கள். தூர்க்கத்தான் வேண்டும் என்றால் சுத்தமான கல்லும் மண்ணும் போட்டு, மேலே களியால் அடையுங்கள். இடித்த வீட்டுக் கழிவு வேண்டாம்.

இறைப்பு

துலாவால் இறைத்த காலத்தில் கிணறு வற்றாதது தண்ணீர் கூட இருந்ததால் அல்ல, மனிதன் களைத்ததால். மோட்டர் களைக்காது.

உங்கள் கிணறு எவ்வளவு தாங்கும் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு கல்லைக் கட்டுங்கள். இறைக்க முன் மட்டம் பாருங்கள், இறைத்து முடிய ஒருமுறை, அடுத்த நாள் விடிய ஒருமுறை. விடியப் பழைய மட்டத்துக்கு ஊறி வந்திருந்தால் சரி. வராவிட்டால் முதல் நாள் இறைத்தது கூட. ஒரே மூச்சில் மூன்று மணித்தியாலம் இறைப்பதை விட, காலை ஒரு மணி, பின்னேரம் ஒரு மணி என்று பிரிப்பது நல்லது. வேகமாய் இழுத்தால் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி எழும்பும். எழும்பினது இலேசில் இறங்காது. உறிஞ்சு குழாயின் வாயை அடியில் விடாமல் மேல் தண்ணீரில் மிதவை கட்டித் தொங்கவிடுங்கள்.

பாத்தி நிரம்பப் பாய்ச்சுவதை விட்டுத் தூவல் முறைக்கு மாறினோம். அதற்கு முன்பு ஒரு தண்ணிக்கு மூன்று மணித்தியாலம் மோட்டர் ஓடும், இப்போது ஒன்றரை. வெங்காயத்துக்கு நோய் கூடும் என்று அவர் பயந்தார். பின்னேரம் தூவினால் கூடுகிறது, காலையில் தூவினால் இல்லை என்று இரண்டு போகத்தில் தெரிந்துவிட்டது.

மழையை நிலத்துக்குள் விடுவது

ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு இஞ்சி மழை பெய்தால் 2,300 லீற்றருக்கு மேல் வரும். பீலி பிடித்து, முதல் இரண்டு மூன்று மழையை வெளியே விட்டுக் கூரையைக் கழுவவிடுங்கள். பிறகு வருவதைத் தாங்கியில் சேர்க்கலாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது பெரிய உதவி. மிஞ்சுவதை நேரே கிணற்றுக்குள் விட வேண்டாம். கிணற்றுக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நாலடிக் குழி வெட்டி, கீழே பெரிய சல்லி, மேலே சின்னச் சல்லி, அதற்கு மேல் ஒரு அடி மணல் போட்டு அதற்குள் விடுங்கள். மணலை வருடா வருடம் மாற்றுங்கள். தெரு வெள்ளத்தையும் முற்றத்து வெள்ளத்தையும் இதில் சேர்க்காதீர்கள்.

முற்றத்துக்குக் கல் பதிக்கிற பழக்கம் இப்போது புதிதாய் வந்திருக்கிறது. கனடாவில் இருக்கிற என் மச்சாளும் காசு அனுப்பிவிட்டு, "அண்ணி, வளவு முழுக்கப் பதியுங்கோ, சேறு இல்லாமல் வடிவாய் இருக்கும்" என்றாள். வாசலுக்கு மட்டும் பதித்தோம். கோபம்தான். மழையை வீதிக்கு அனுப்பி, வீதியில் இருந்து கடலுக்கு அனுப்பிவிட்டு, ஆவணியில் பௌசருக்குக் காசு கொடுப்பது எனக்கு விளங்காத கணக்கு.

போத்தலும் கொப்பியும்

வருடத்தில் இரண்டு தரம் பரிசோதியுங்கள். மார்கழி, தையில் நைத்திரேற்றும் கிருமியும், ஏனென்றால் மழை கழுவி இறக்குகிற காலம் அது. ஆவணியில் உப்பு. நைத்திரேற்றுக்குச் சுத்தமான போத்தலை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசி எடுத்தால் போதும். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தருகிற போத்தலில்தான் எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அறிக்கையில் ஒரு சூழ்ச்சி உண்டு. சில இடங்களில் நைத்திரேற்று என்று எழுதுவார்கள், அதற்கு எல்லை 50. சில இடங்களில் நைத்திரேற்று நைதரசன் என்று எழுதுவார்கள், அதற்கு எல்லை ஏறக்குறைய 11. 'பதினைந்துதானே வந்திருக்கிறது' என்று சந்தோசப்பட்ட ஒரு வீட்டில் அது நைதரசன் கணக்கு, உண்மையில் 66.

எல்லைக்கு மேலே வந்தால் அந்தத் தண்ணீரில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். குளோரினும் அதற்கு உதவாது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. இதைச் சொல்லவே பாதி வீடுகளுக்குப் போனேன்.

உப்புக்கு, கையடக்கக் கடத்துதிறன் மானி ஒன்று வாங்கினேன். தண்ணீரில் உப்புக் கூடினால் அதில் எண் கூடும். மேல் தண்ணீரை அளப்பது இலகு. அடித் தண்ணீருக்கு ஒரு போத்தலில் கல்லைக் கட்டி, மூடிக்கு வேறு நூல் கட்டி, அடிக்குப் போனதும் நூலை இழுத்துத் திறப்பேன். இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டு போனால் உப்பு எழும்புகிறது என்று பொருள். அந்தக் கிழமை இறைப்பைக் குறைப்போம். எல்லாம் அந்தப் பழைய கொப்பியிலேயே இருக்கிறது, யூரியாக் கணக்குக்குப் பின்பக்கத்தில்.

71 க்குப் பிறகு 68, 63, ஒரு வருடம் மறுபடி 66, பிறகு 58. போன மார்கழியில் 54. கிணறு எங்களுடையது, தண்ணீர் பின்வளவுக்காரரின் மரவள்ளிக்குக் கீழாலும்தான் வருகிறது. போன கிழமை கொப்பியை அவரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த முறை பாதி யூரியாதான் என்று சொல்லியிருக்கிறார். தை பிறக்கப் போத்தலோடு திரும்பப் போக வேண்டும்.